முதல் கார்: இங்கே பூட்டினதா, ஜப்பானிலிருந்து வந்ததா, இந்தியனா?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும், ஒழுங்கையில் உள்ள அத்தனை பேரிடமும் ஒரு கருத்து தயாராக இருக்கும். "ஜப்பான் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடு", "இந்தியன் கார் வெறும் தகரம்", "இங்கை பூட்டினதை வாங்கினால் பிறகு விக்கேலாது." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் கையில் இருக்கிற காசுக்கு எது பெறுமதி என்பதற்கு இந்த மூன்றில் ஒன்றும் பதில் இல்லை, ஏனென்றால் நீங்கள் அந்தக் காரை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்று சொன்னவர் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் சொல்லப்படுகிற எந்த ஆலோசனையையும் சிரித்துக் கேட்டுவிட்டு அப்பால் போங்கள்.

முதல் தடவை வாங்குபவர்களுக்காகவும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இங்குள்ள விலையைப் பவுண்ஸிலோ டொலரிலோ மாற்றிப் பார்த்துத் தலையில் கை வைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

விலைக்குள் என்ன இருக்கிறது

இலங்கையில் "உள்நாட்டுக் கார்" என்றால் முழுக்க இங்கே செய்த கார் இல்லை. பாகங்கள் பெட்டியில் வரும், இங்கே பூட்டுவார்கள், ரயர், பற்றரி, சீற் மாதிரிச் சிலவற்றை உள்ளூரில் எடுத்துப் போடுவார்கள். இது புதிய கதையும் இல்லை. 1970களில் உபாலி விஜேவர்தனவின் கொம்பனி பியற், மஸ்டா கார்களை இங்கே பூட்டி விற்றது. பிறகு மைக்ரோ என்ற உள்ளூர்க் கொம்பனி வந்தது. தெருவில் நீங்கள் பார்க்கிற மைக்ரோ பாண்டா, சீனாவின் ஜீலி கொம்பனியின் வடிவம். 2019இல் வெலிப்பென்னையில் மகிந்திரா கே.யு.வி. 100 பூட்டத் தொடங்கினார்கள், பிறகு சீதுவையில் ஹூண்டாய் கிராண்ட் ஐ10 பூட்டினார்கள். ஆக, "உள்நாடு" என்ற சொல்லைக் கேட்டதும் தரத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவேண்டாம். அந்த மொடல் எந்தக் கொம்பனியுடையது, எங்கே வடிவமைத்தது என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து வருவதிலும் இரண்டு வகை. ஏஜென்ற் கொண்டுவருகிற புத்தம் புதுக் கார் ஒன்று (இந்தியா, தாய்லாந்து, சீனா, ஜப்பான் என்று எங்கிருந்தும் வரலாம்). ஜப்பானில் ஒருவர் ஓடி, ஏலத்தில் விற்று, இங்கே இறக்கப்படுகிற ரீகண்டிஷன் மற்றது.

இப்போது வரி. இறக்குமதிக் காருக்கு சுங்கத் தீர்வை, அதற்கு மேல் மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, விலை கூடினால் சொகுசு வரி, எல்லாம் சேர்த்து அதற்கு மேல் 18 வீத வற். இதில் பெரிய கடி உற்பத்தி வரிதான். பெற்றோல் காருக்கு அது எஞ்சினின் சி.சி. கணக்கில் போகிறது, மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாற் கணக்கில். 1000, 1300, 1500 சி.சி. படிகளைத் தாண்டும்போது வரி பாய்ந்து ஏறும். ரொயோட்டா ரைஸ் ஏன் இத்தனை பேரிடம் இருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். அதன் டேர்போ எஞ்சின் 996 சி.சி., ஆயிரத்துக்கு நாலு குறைவு. வாகன் ஆர் 660 சி.சி. வகை. இங்கே எந்தக் கார் "நல்ல கார்" என்பதைப் பாதி தீர்மானிப்பது திறைசேரி.

இங்கே பூட்டுகிற காருக்கு உள்ளூர்ப் பெறுமதி எவ்வளவு சேர்க்கப்படுகிறது என்பதைப் பார்த்து வரியில் சலுகை உண்டு. இதன் அர்த்தம் என்னவென்றால், ஒரே விலைக்கு இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், பூட்டின காரில் நீங்கள் கொடுத்த காசில் கூடுதல் பங்கு காராக இருக்கும், இறக்கின காரில் கூடுதல் பங்கு வரியாக இருக்கும். ஆனால் அந்த வரி முழுக்க வீண்போன காசும் இல்லை. அடுத்து வாங்குபவரும் புதிதாக இறக்கினால் அதே வரியைக் கட்டவேண்டும் என்பதால், உங்கள் பழைய காரின் விலையை அது தாங்கிப் பிடிக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் டொலர் ஏறிக் காசின் பெறுமதி விழுந்ததில், பலர் கார் ஓடி, பழசாக்கி, வாங்கின விலைக்கு மேலே விற்றார்கள். அந்தக் கதைகளை இன்னும் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் நிறைய. அது பஞ்ச காலத்துக் கணக்கு. கார் ஓடினால் விலை குறையும் என்று வைத்துக்கொண்டே இனிக் கணக்குப் போடுங்கள்.

எத்தனை வருடம், எந்த வீதி

ஒரு தாளை எடுத்து இரண்டு விஷயம் எழுதுங்கள். எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள். எங்கே ஓடுவீர்கள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்டு, திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளி வீதியில் பார்க்கிங் தேடுகிற கார் ஒன்று. மாதம் இரண்டு தடவை ஏ9 வழியே நானூறு கிலோமீற்றர் கொழும்புக்குப் போய்வருகிற கார் வேறொன்று. முதலாவதுக்கு வாகன் ஆரோ, அல்ற்றோவோ, பாண்டாவோ எதுவும் போதும். இரண்டாவதுக்கு 660 சி.சி. காரில் நாலு பேரும் சாமானும் ஏற்றி, முறிகண்டி தாண்டி லொறியை முந்தப் பார்க்கும்போது, சி.சி. குறைத்து மிச்சம் பிடித்த வரி எங்கே போனது என்று விளங்கும். காரைநகர், புங்குடுதீவு, வல்வெட்டித்துறைப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் துருப்பிடிப்பதில் ஜப்பான், இந்தியா, இலங்கை என்ற பேதம் இல்லை.

கணக்குப் போடும் விதம்

கீழே உள்ள எண்கள் சும்மா பேச்சுக்கு. முறை விளங்கினால் போதும், உண்மையான விலையை விளம்பரங்களைப் பார்த்து நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கின கார் 85 இலட்சம், பூட்டின கார் 70 இலட்சம் என்று வைப்போம். இரண்டு வருடத்தில் விற்றால் முதலாவது 78க்குப் போகிறது, நட்டம் 7. இரண்டாவது 57க்குத்தான் கேட்கிறார்கள், நட்டம் 13. ஆனால் பூட்டினதை வாங்கினவர் கையில் ஆரம்பத்திலேயே 15 இலட்சம் மிச்சம் இருந்தது. அதை வங்கியில் 8 வீதத்துக்குப் போட்டிருந்தால் இரண்டு வருடத்தில் 2 இலட்சத்து 40 ஆயிரம். கழித்தாலும் நட்டம் 10 இலட்சத்துக்கு மேல். இறக்கின கார் வெல்கிறது.

இதையே ஐந்து வருடத்துக்குப் பாருங்கள். முதலாவது 65க்குப் போகிறது, நட்டம் 20. இரண்டாவது 45க்கு, நட்டம் 25. ஆனால் அந்த 15 இலட்சம் ஐந்து வருடத்தில் குறைந்தது 6 இலட்சம் உழைத்திருக்கும், ஆக நட்டம் 19. இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அந்த மேலதிக 15 இலட்சத்தை நீங்கள் லீசிங்கில் எடுக்கவேண்டியிருந்தால், லீசிங் வட்டி வைப்பு வட்டியை விடக் கூட என்பதால், பூட்டின கார் முந்திவிடும். எட்டு, பத்து வருடம் வைத்து ஓடி முடிக்கிற எண்ணமென்றால் மறுவிற்பனை என்ற பேச்சையே பாதி மறந்துவிடலாம்.

லீசிங்கில் காரின் விலையில் எவ்வளவு வீதம் தரலாம் என்று மத்திய வங்கி வரம்பு வைக்கிறது, அது மாறிக்கொண்டும் இருக்கும். கைக்காசு எவ்வளவு வேண்டும் என்று முதலே கேட்டுவிட்டுத்தான் கார் பார்க்க இறங்குங்கள்.

விற்கிற விலையை எப்படித் தெரிந்துகொள்வது? உங்களுக்குப் பிடித்த மொடலின் ஐந்து வருடப் பழசு என்ன விலைக்கு விளம்பரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு அதே விளம்பரம் ஒரு மாதம் கழித்தும் அங்கேயே கிடக்கிறதா என்று பாருங்கள். கேட்கிற விலை எல்லோரும் கேட்பார்கள். நின்று தூங்குகிற கார் எது என்பதுதான் தகவல். வடக்கில் வாங்குகிற ஆட்கள் குறைவு, தெரியாத பெயர் என்றால் இன்னும் குறைவு. கொழும்பில் ஒரு கிழமையில் போகிற மொடல் இங்கே மாதக்கணக்கில் நிற்கலாம்.

ஸ்ரான்லி வீதிச் சோதனை

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் எல்லாவற்றிலும் பிரயோசனமானது இதுதான் என்பேன். மொடலைத் தீர்மானிக்க முதல் ஒரு சின்ன லிஸ்ற் எழுதுங்கள்: பிரேக் பாட், முன் ஷொக் அப்சோபர், சைட் கண்ணாடி, முன் பம்பர், ரேடியேற்றர். ஸ்ரான்லி வீதியில் உள்ள சாமான் கடைகளில் இரண்டு மூன்றுக்குப் போய், மொடலையும் வருடத்தையும் சொல்லி விலை கேளுங்கள். பதில் இப்படி வரும்: "பாட் இருக்கு தம்பி, இப்பவே எடுக்கலாம். ஷொக் நாளைக்குக் கொழும்பு பஸ்ஸில வரும். பம்பருக்குக் கொம்பனியைத்தான் கேக்கவேணும்." இந்த மூன்று வகைப் பதிலில் எது எத்தனை தடவை வந்தது என்று குறித்துக்கொண்டால், அந்தக் காரோடு உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பொதுவாக, இந்தியக் கார்களுக்குப் புதுச் சாமான் மலிவாகவும் கையோடும் கிடைக்கும். ஜப்பான் கார்களுக்குப் புதுச் சாமான் விலை, ஆனால் பாவித்த சாமான் ஜப்பானிலிருந்தே கொள்கலனில் வந்து கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் குவிந்து கிடக்கும். பூட்டின கார்களில் எஞ்சின் சாமான் எப்படியும் கிடைக்கும், கதவு, விளக்கு, பம்பர், கண்ணாடி என்று உடம்புச் சாமான்தான் இழுக்கும். அந்தக் கொம்பனி இன்னும் அந்த மொடலைப் பூட்டுகிறதா என்று கேட்பது அதனால்தான். நிறுத்திவிட்டார்கள் என்றால் விலையில் நன்றாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கிக்கொண்டு போகும். அவை தாக்குப்பிடித்தது இங்கிலாந்தில் செய்ததால் மட்டும் இல்லை, எந்தச் சாமான் உடைந்தாலும் இங்கே ஒரு பட்டறையில் கடைந்து எடுக்க முடிந்ததால்தான். இப்போதைய காரில் கடைய ஒன்றும் இல்லை, எல்லாம் சென்சர். அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் அந்த மொடலை ஸ்கான் செய்யக் கருவி இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள்.

ரீகண்டிஷன் காரைப் பார்க்கும்போது

முதலில் ஏலத் தாளைக் கேளுங்கள். ஜப்பானில் ஏலத்துக்கு வருகிற காரைப் பரிசோதகர் பார்த்து எழுதுகிற ஒரு பக்கத் தாள் அது. மேலே ஒரு மூலையில் புள்ளி இருக்கும்: 4.5 என்றால் மிக நல்லது, 4 நல்லது, 3.5 என்றால் கீறல் நெளிவுகள் இருக்கும், "ஆர்" என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தினது. உள்ளே எப்படி என்பதற்கு ஏ, பி, சி. தாளின் கீழ்ப்பக்கம் காரை விரித்து வைத்த மாதிரி ஒரு படம் இருக்கும், அதில் சின்னச் சின்னக் குறிகள்: ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திப் பூசின அலை, எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. ஏ1, யூ1 இருந்தால் பயப்படவேண்டாம், ஓடின காரில் அது இல்லாமல் இருந்தால்தான் யோசிக்கவேண்டும்.

தாளில் உள்ள கிலோமீற்றரையும் மீற்றரில் இப்போது காட்டுவதையும் ஒப்பிடுங்கள். தாளில் உள்ள சேசி இலக்கமும் காரில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். விற்பவர் போனில் காட்டுகிற படத்தை நம்பி முடிவெடுக்காமல், சேசி இலக்கத்தைக் கொடுத்து இணையத்தில் கட்டணத்துக்கு அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். காரின் விலையோடு ஒப்பிட்டால் அது தேத்தண்ணிக் காசு.

இப்போது மூன்று வருடத்துக்கு மேல் பழசான காரை இறக்க முடியாது. ஆகவே 2014, 2017 என்று விற்பனைக்கு இருப்பவை எல்லாம் முன்பே வந்து இங்கே பலர் கையில் ஓடினவை. விளம்பரத்தில் செய்த வருடமும் பதிந்த வருடமும் வேறுவேறாக இருக்கும், இரண்டையும் கேளுங்கள், விலைக்குச் செய்த வருடத்தைப் பாருங்கள்.

ஹைபிரிட் என்ற சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒன்று இல்லை. வாகன் ஆரில் இருப்பது எஞ்சினுக்குக் கை கொடுக்கிற சின்ன மோட்டாரும் சின்னப் பற்றரியும். ரொயோட்டா அக்குவா, அக்சியோ ஹைபிரிட்டுகளில் பின் சீற்றோடு பெரிய பற்றரி இருக்கும். அதற்குக் காற்று இழுக்கிற துவாரம் சீற்றின் பக்கத்தில் இருக்கிறது. குனிந்து பாருங்கள், தூசி அடைத்திருந்தால் அந்தக் காரை எப்படிப் பராமரித்தார்கள் என்று வேறு கேட்கத் தேவையில்லை. ஹொண்டா பிற், வெசல் ஹைபிரிட்டின் ஆரம்பகாலக் கார்கள் கியர்ப்பெட்டிப் பிரச்சினைக்காக ஜப்பானில் திருப்பி அழைக்கப்பட்டவை. அந்தத் திருத்தம் செய்ததா என்று கேளுங்கள். முழு மின்சாரக் காரான நிசான் லீவ் மலிவாகத் தெரியும், ஆனால் அதன் பற்றரியைக் குளிர்விக்க ஏற்பாடு இல்லை, யாழ்ப்பாண வெயிலுக்கு அது நல்லதில்லை. மீற்றரின் வலது ஓரத்தில் பற்றரியின் நிலையைக் காட்டுகிற பன்னிரண்டு கோடு இருக்கவேண்டும், எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று: ஜப்பானின் எப்.எம். அலைவரிசை நம்முடையதை விடக் கீழே. உள்ளூர் வானொலி பாதி பிடிக்காது. பெரிய செலவில்லை, ஆனால் முதல் நாள் கோபம் வரும்.

பூட்டின கார், ஏஜென்ற் கார்

இதில் பார்க்கவேண்டியது வேறு. சேவிஸ் பதிவு முழுக்க இருக்கிறதா, உத்தரவாதம் எவ்வளவு மிச்சம், அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா, சேவிஸ் இடம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறதா அல்லது ஒவ்வொரு தடவையும் வவுனியாவோ அநுராதபுரமோ போகவேண்டுமா. போகவேண்டும் என்றால் அந்த ஒரு நாள் கூலியையும் பெற்றோலையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம், ஒரே பெயரில் பல தரம் இருக்கும். எயர்பாக் எத்தனை, ஏ.பி.எஸ். (சடுதியாகப் பிரேக் அடித்தால் சில்லு இறுகி வழுக்காமல் காப்பது) இருக்கிறதா என்று பெயரை வைத்து நினைக்காமல் நேரில் பாருங்கள். அல்ற்றோவின் கீழ்த் தரங்கள் சிலவற்றில் கண்ணாடியைக் கையால் சுழற்றித்தான் இறக்கவேண்டும், அதைச் சகிக்கலாம், எயர்பாக் இல்லாததை ஏ9இல் சகிக்க என்னால் முடியாது. பூட்டின காரின் பலம் இங்கேதான் தெரியும், அதே காசுக்கு இவை கூடுதலாகக் கிடைப்பதுண்டு.

நேரில் பார்க்கும் நாள்

காலையில் போங்கள், எஞ்சின் சூடாக முதல். விற்பவர் நீங்கள் வரமுன் ஸ்ராட் செய்து வைத்திருந்தால் பொனற்றில் கை வைத்தாலே தெரியும். குளிர் எஞ்சினில் வருகிற சத்தமும் புகையும்தான் உண்மை சொல்லும். ஏசியை மட்டும் மத்தியான வெயிலில் இன்னொரு தடவை பாருங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாட்டில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. அவை கழுவி, மெருகேற்றி, மலிவு விலையில் எங்காவது வரும். சீற் பெல்ற்றை அடி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா? சீற்றின் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? மேலதிக ரயர் வைக்கிற குழியில் மண் படிந்திருக்கிறதா? வாசனைத் திரவியம் அளவுக்கு மிஞ்சி அடித்திருந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உள்ளே இருந்து பாருங்கள்.

முன் மட்காட்டுகளைப் பிடித்திருக்கிற நட்டுகளில் பெயின்ற் பெயர்ந்திருந்தால் அது கழற்றிப் பூட்டப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேளுங்கள். "முந்தின ஆள் செய்தது" என்ற பதில் வந்தால் விலையைக் குறைக்கத் தொடங்கலாம். தரகர் வந்திருந்தால், அவர் இரண்டு பக்கமும் தரகு எடுக்கிறார் என்பதை மனதில் வையுங்கள், அவர் அவசரப்படுத்துவது அவருக்காக.

பத்திரம்

சி.ஆர். எனப்படும் பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் வராமல் முழுக் காசு கொடுக்காதீர்கள். அரச உத்தியோகத்தருக்குச் சலுகை வரியில் கொடுத்த பெர்மிட் வாகனமென்றால் கைமாற்றத் தடைக்காலம் உண்டு, அது முடிந்ததா என்று பாருங்கள். சேசி, எஞ்சின் இலக்கங்களைச் சி.ஆரோடு நீங்களே ஒப்பிடுங்கள். காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வருவாய் அனுமதிப்பத்திரம் மூன்றின் திகதியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்திருந்தால் புதுப்பிக்கிற செலவு யாருடையது என்று அப்போதே பேசுங்கள்.

"ஓபன் பேப்பரில் எடுங்கோ, பிறகு மாத்தலாம்" என்பார்கள், அதாவது பெயரை மாற்றாமல் கையெழுத்து வைத்த படிவத்தோடு மட்டும் காரை எடுப்பது. வேண்டாம். உரிமை மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்களை நிரப்பி, விற்பவரின் பெயரும் அடையாள அட்டையும் சி.ஆரில் உள்ளவரோடு பொருந்துகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கி, நாட்களை இழுக்காமல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள். இடையில் மூன்று பேர் கைமாறி, கடைசியாகப் பதிந்தவர் கனடாவில் இருந்தால் நீங்கள்தான் அலைவீர்கள். காரைக் கையேற்கும்போது திகதி மட்டுமல்ல, நேரத்தையும் கடிதத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை அவர் ஓடிப் பிடிபட்டதற்கான தண்டம் மாலையில் உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்த நேரம் உதவும்.